சொல்தா சுட்ட கறி

கறி வேகவில்லை என்று மாமியார் மருமகள் சண்டை பார்த்திருக்கிறேன். புருஷன் பெண்டாட்டி சண்டை பார்த்திருக்கிறேன். மறுவீட்டு விருந்தில் சம்பந்திகள் இலையை மடக்கிவிட்டு எழுந்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் கறி வெந்துபோய்விட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷனை இந்த உலகத்திலேயே ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்தேன். அது காரைக்காலில், எங்கள் பக்கத்து வீட்டில்.

அவரை எல்லோரும் சொல்தா என்பார்கள். அது பெயர் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, அங்கேயிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எல்லாம் காரைக்காலில் அப்படித்தான் சொல்வது. ஊரில் சொல்தாக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எங்கள் தலத்தெருவில் வந்து "சொல்தா வீடு எது?" என்று கேட்டால் ஒருவரும் "எந்த சொல்தா?" என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் கையைக் காட்டுவார்கள்.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி மன்னார்குடியிலிருந்து வந்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் முருங்கை மரத்தடியில் அரைக்கால் சட்டை, பனியன், தலையில் பட்டாளத்துத் தொப்பியோடு ஒருவர் குமுட்டி அடுப்பு முன்னால் நின்றார். அடுப்பில் ஒரு இரும்புச் சட்டி. அதில் வெண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. உள்ளங்கையை விடப் பெரிதாக, இரண்டு விரல் கனத்தில் ஒரே துண்டு கறியை எடுத்து அதில் போட்டார். சொய்ங் என்றது. திருப்பிப் போட்டார். மறுபடியும் சொய்ங். எடுத்துவிட்டார்.

சட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது, இனிமேல்தான் மசாலா அரைத்துக் குழம்பு வைப்பார் என்று நினைத்தேன். அவரோ மரத்தடியில் போட்டிருந்த மேசைக்குப் போனார், நாற்காலியில் உட்கார்ந்தார், கத்தியால் கறியை வெட்டினார். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. தட்டில் சிவப்பாக ஓடியது. அதில் ரொட்டியைத் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

ஈரத்துணியைப் போட்டது போட்டபடி உள்ளே ஓடினேன்.

"என்னங்க, பக்கத்து வீட்டுல ஒருத்தரு பச்சக் கறி திங்கிறாருங்க."

என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னிக்கு ஞாயித்துக்கெழமதான?"

"அதுக்கு?"

"ஞாயித்துக்கெழமன்னா அவரு அப்படித்தான். பீட்ரூட்டுன்னு நெனச்சுக்க."

அதற்குப் பிறகு பல மாதம் எங்கள் வீட்டில் பீட்ரூட் வாங்கவில்லை.

அந்தப் பண்டத்துக்குப் பெயர் பிஃப்தெக். இங்கிலீஷில் ஸ்டீக் என்கிறார்களே, அதுதான். மாட்டுக்கறி. எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீனோடு சரி. சொல்தா வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவர்கள், அவர்களுக்கு மாடு ஒரு தடையில்லை. ஆனால் அவர்கள் தெருவிலும் மாட்டுக்கறி என்றால் துண்டு துண்டாகக் கொத்தி, மசாலா போட்டு, எலும்பு தானாகக் கழன்று விழும்வரை வேகவைப்பதுதான் வழக்கம். அதனால் அதிர்ச்சியில் சாதி மத பேதம் இல்லை. மொத்தத் தெருவும் ஒன்றாகத்தான் அதிர்ந்தது.

கறி வாங்குவது அதைவிடப் பெரிய கூத்து. ஒருமுறை என் வீட்டுக்காரர் கூடப் போய்விட்டு வந்து சொன்னார். கறிக்கடை பாய்க்கு வெட்டுக்கட்டையில் கறியை வைத்தால் கை தானாகக் கொத்த ஆரம்பித்துவிடும். பழக்கம் அப்படி. சொல்தா பாய்ந்து போய்க் கறியின் மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வாராம்.

"கைய எடுங்க சொல்தா, வெரல் போயிடும்."

"போனாப் போவுது. கொத்தாதீங்க."

"கொத்தாம எப்படிங்க? மையத்த அடக்கத்துக்குத் தூக்குற மாதிரி முழுசா தூக்கிட்டுப் போறீங்களே. செருப்பு தைக்கவா?"

பாய் கேட்டதில் தப்பே இல்லை. நம் பக்கத்துக் கடைக்கு வருகிற மாடு எது? கோட்டுச்சேரி வயலில் காலமெல்லாம் சேற்றில் உழுது, அறுப்புக்கு வண்டி இழுத்து, இனிமேல் எழுந்திருக்கவே முடியாது என்று ஆன கிழட்டுக் காளை. அதை அரை நாள் வேகவைத்தாலே பல்லுக்கு மசியாது. அதைப் போய் இந்த மனுஷன் வெண்ணெயில் இப்படியும் அப்படியும் காட்டிவிட்டு எடுத்தால் என்ன ஆகும்? பூசை முடிந்து வந்து மென்று தின்ன உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை மென்றுகொண்டிருப்பார். யாராவது தெருவில் போகிறபோது எட்டிப்பார்த்து, "எப்படியிருக்குங்க?" என்பார்கள். கன்னம் ஒரு பக்கம் உப்பியபடி, "செ போன்" என்பார். ரொம்ப நல்லாயிருக்கிறதாம். தெருநாய்கூட ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

குற்றம் கறியில் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். ஒரு வாரம் வெண்ணெய் சரியில்லை. ஒரு வாரம் கடல் காற்று அடித்துத் தணல் அணைந்துவிட்டது. ஒரு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் வெந்துபோய்விட்டதாம், அன்றைக்குத்தான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தைத் தோப்பில் நிற்கிற வண்டி மாட்டின் தொடையைப் பிசைந்து பார்ப்பதும் உண்டு. வண்டிக்காரர், "என்னங்க, மாட்டப் போட்டுப் பெசையிறீங்க, வெலைக்கா?" என்று கேட்டாராம். "இல்லப்பா, எளசான்னு பாத்தேன்" என்று இவர் சொல்ல, அந்த வண்டி அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாக வரவேயில்லை.

சிரிப்பாகத்தான் இருக்கும். தெரேசாக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

தெரேசாக்கா அவர் மனைவி. எனக்கு அம்மா வயசிருக்கும், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வைக்கிற ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தால் சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு வாய் ஊறும். சொல்தா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அவர் கொல்லையில் மேசையில், அக்கா உள்ளே அடுப்படியில். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருவருக்கும் பேச்சு கிடையாது. ஒருநாள் அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டே அக்கா கேட்டார்.

"அவரு மேசையில ரெண்டு தட்டு வெக்கிறாரே, பாத்தியா?"

"பாத்தேங்க்கா. வெள்ளைக்காரங்க வழக்கம் போலன்னு நெனச்சேன்."

"வழக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கறிய ரெண்டா வெட்டி, பாதிய அந்த ஆளில்லாத தட்டுல வெக்கிறாரு. எதுக்க ஒரு நாக்காலி வேற. அங்க எவளோ ஒருத்தி இருந்திருக்கா. அவள நெனச்சுத்தான் வாராவாரம் இந்தக் கூத்து."

"நீங்க கேக்கலயா அக்கா?"

அம்மிக்குழவி நின்றுவிட்டது. "எப்படிடி கேக்குறது? ஆமான்னு சொல்லிட்டாருன்னா?"

வருஷக்கணக்காக அவர் பட்டாளத்தில் இருந்தபோது, இன்று வருவார் நாளை வருவார் என்று இங்கே ஒற்றையாகக் காத்திருந்தவர் அக்கா. இப்போது அவர் வந்தும் ஆகிவிட்டது, பென்ஷனும் வருகிறது. ஆனால் மனுஷன் முழுசாக வந்துவிட்டாரா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்தச் சிவப்பெல்லாம் கண்ணில் படவில்லை. அந்த இரண்டாவது தட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவள் அவள் என்று எனக்கே வயிறு எரிந்தது.

கடைசியில் காளைதான் ஜெயித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்தாவின் முன்பல் உடைந்து தட்டில் விழுந்தது. மற்றவையெல்லாம் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. பாண்டிச்சேரிப் பல் டாக்டர் மிச்சம் வைக்காமல் பிடுங்கிவிட்டார். தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. இனிமேல் நம் குழம்புக்குத்தான் வந்தாக வேண்டும் என்று அக்காவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறியைப் பஞ்சு மாதிரி வேகவைத்து, சோற்றைக் குழைய வடித்து வைத்திருந்தார்.

சொல்தா உள்ளே போகவில்லை. அடுப்பு மூட்டவில்லை, கறியும் வாங்கவில்லை. மரத்தடியில் மேசையைப் போட்டு, துணி விரித்து, இரண்டு காலித் தட்டை வைத்துக்கொண்டு பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சுவர் ஓரம் போய்க் கேட்டேவிட்டேன்.

"மாமா, பல்லும் போயிடுச்சு, கறியும் இல்ல. இன்னும் யாருக்கு அந்தத் தட்டு?"

அவர் என்னை ஏதோ அசட்டுப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தார். "உங்க அக்காவுக்குத்தான். வேற யாருக்கு?"

நான் சுவரை இன்னும் நெருங்கி நின்றேன்.

"அங்க இருந்தப்ப எங்க கேப்டன் ஒரு ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் கூப்பிட்டாரும்மா" என்றார். "அவரும் அவரு சம்சாரமும் எதிரெதிரே ஒக்காந்து, ஒரே துண்ட ஆளுக்குப் பாதியா வெட்டிச் சாப்பிட்டாங்க. அந்தம்மா பரிமாறிட்டு அடுப்படிக்குப் போவல. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல. நம்ம வூட்டுல அவ என்னிக்கு என்கூட ஒக்காந்தா? நான் தின்னு எந்திரிச்சப்புறம் மிச்சத்த வழிச்சுத் தின்னுவா. ஊருக்குப் போனா இப்படி ஒரு நாளு ஒக்காரணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அதுக்கு அக்கா குழம்பையே மேசையில வெச்சிருக்கலாமே மாமா."

"கொழம்புன்னா அவதான பரிமாறுவா? பரிமாறுனா எப்படி ஒக்காருவா? நான் பண்ணாத்தான் அவ ஒக்கார முடியும். எனக்குப் பண்ணத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அதுவும் சரியா வந்ததில்ல."

முதல்முறையாக அதை ஒப்புக்கொண்டார்.

"இத அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நாக்காலி போட்டிருக்கேன், தட்டு வெச்சிருக்கேன். பாத்தாத் தெரியாதா?"

அவருக்குப் பின்னால் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கொல்லை வாசற்படியில் கரண்டியோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. சொல்தாவிடம் பேசாமல் என்னிடம் பேசினார்.

"இத்தன வருஷமா இந்த மனுஷன் வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தாரு?"

"கொழுக்கட்ட இல்லக்கா, பிஃப்தெக்."

கரண்டி மண்ணில் விழுந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே சுவருக்கு அந்தப் பக்கம் தொம் தொம் என்று சத்தம். எட்டிப்பார்த்தால் அக்கா கறித்துண்டை அம்மியில் வைத்துக் குழவியால் சாத்திக்கொண்டிருந்தார். பப்பாளிக்காயை அரைத்து, கறி மசியட்டும் என்று மேலெல்லாம் பூசினார். எத்தனை வருஷக் கோபம் அந்தக் கறியில் இறங்கியதோ, பாவம் அந்தக் காளை. சொல்தா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு, மிளகு, வெண்ணெய் தவிர எதையும் கிட்டே விடாத மனிதர் பப்பாளிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுட்டது அவர்தான். பாதியை வெட்டி இரண்டாவது தட்டில் வைத்தார். தன் பங்குப் பாதியைப் புட்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொத்திக்கொண்டார், பாய் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். அக்கா ஆஸ்பத்திரியில் உட்காருவது போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா ஒரு துண்டை வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். சொல்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்படியிருக்கு?"

"வேகல."

அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"வேகலன்னுதான சொன்னேன், வேணாம்னா சொன்னேன்?" என்றார் அக்கா. "இன்னொரு துண்டு வைங்க."

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, அவருக்கு எதிரே இன்னொரு தட்டை வைத்தேன். திடுக்கிட்டுப்போய்க் கேட்டார், "யாராவது வர்றாங்களா?"

"நான்தான் வர்றேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். குழம்புச் சட்டியை அவரே என் பக்கம் நகர்த்தினார்.

சொல்தாவும் அக்காவும் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எங்காவது வெண்ணெய் தீயும் வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டத்தான் செய்கிறது. குமட்டினாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் நகர்வேன்.