வாசலில் மூன்று படி

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தப் படி கண்ணுல படக்கூடாது," என்றார் கட்டடக்கலைஞர், கொத்தனாரிடம்.

அவர் சொந்த வீட்டு வாசலில் இருந்தது மூன்றே படி. ஆனால் அவருடைய மானம் முழுக்க அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு விடுதி, சக்கர நாற்காலி போய்வரும் அலுவலகம் என்று வரைந்தே பேர் வாங்கியவர். மேடையேறினால் முதல் வாக்கியமே தன் அக்காவைப் பற்றித்தான். அவளுடைய சக்கர நாற்காலிதான் தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது என்பார். அந்த அக்கா இந்த வீட்டுக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை. "நீ எதுக்குக்கா அலையணும், நானே வர்றேன்" என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது ஒரு பத்திரிகை, வாசலில் அக்காவோடு வீட்டைப் படம் எடுக்க வேண்டுமென்று கேட்டுவிட்டது. தன்னைப் பற்றிய கட்டுரை என்று வாயெல்லாம் பல்லாகச் சரி சொன்னவருக்கு, போனை வைத்த பிறகுதான் படி ஞாபகம் வந்தது.

கொத்தனார் படியின் மேலேயே சிமென்ட் பூசிச் சாய்தளம் போட்டார். வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியில் கட்டடக்கலைஞரே உட்கார்ந்து, மனைவியைத் தள்ளச் சொன்னார். பாதி ஏற்றத்தில் அவள் கை வழுக்க, மனுஷன் நாற்காலியோடு பின்னோக்கி உருண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே போய் விழுந்தார்.

"ஆபீஸ்லயும் இப்படித்தான் செங்குத்தா வரையறீங்களா?" என்றாள் அவள்.

சாய்தளத்தை நீட்டினார்கள். கேட் இடித்தது. கேட்டைக் கழற்றினார்கள். சாய்தளம் தெருவில் போய் முடிந்து, பக்கத்து வீட்டுக்காரரின் காரை உள்ளேயே அடைத்துப்போட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பினால், நாற்காலி தலைவாசலுக்குள் நுழையவில்லை. நிலையை இடித்தார்கள். சுவருக்குள் ஓடிய வயரும் சேர்ந்து அறுந்தது. கரண்ட் போயிற்று, மோட்டார் ஓடவில்லை, குழாயில் காற்றுதான் வந்தது.

மனைவி வாளியோடு வந்து நின்றாள். "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, என்ன வேணும்னு சொல்லியிருப்பாங்கல்ல?"

அவர் வாளியை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று அக்கா திருப்பிக் கேட்டால்?

ஞாயிறு காலை அக்கா வந்தாள். தள்ளவந்த தம்பியை விலக்கிவிட்டு, தானே சக்கரத்தைச் சுழற்றி ஏறினாள். ஹாலைப் பார்த்தாள். சமையலறை வரை போய்த் திரும்பினாள்.

"சமையல்கட்டு நல்ல வெளிச்சமா இருக்குடா," என்றாள். "நீ சொன்னதே இல்லையே."

அவருக்குக் கூசிப்போயிற்று. எத்தனையோ சாய்தளம் வரைந்த கை. அதை இப்போது எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வெளியே போட்டோகிராபர் கேமராவோடு வாசலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நல்ல கோணம் தேடுகிறார் போலிருக்கிறது என்று, கட்டடக்கலைஞர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றார்.

"படியைக் காணோமே சார்?" என்றார் போட்டோகிராபர். "கூடப்பிறந்தவங்க வீட்டுக்குள்ளயே போக முடியாதவங்களைப் பத்தின கட்டுரை இது, உங்க அட்ரஸை அக்காதான் குடுத்தாங்க."