டென்சில் கிட்டோவின் சம்மதம்

போனை வைத்த பிறகுதான் டாக்டர் வாஸ்பர் அந்தச் சின்ன விளக்கைக் கவனித்தார். போன் பெட்டியின் ஓரத்தில் அது எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் பேச்சு பதிவாகிறது என்று அர்த்தம். அதில் தவறில்லை, பெட்டியை வாங்கி வைத்ததே அதற்குத்தான். ஆனால் ஆரம்பத்திலேயே, "நாம பேசறது பதிவாகுது, உங்களுக்குச் சம்மதமா?" என்று நோயாளியைக் கேட்டாக வேண்டும். மாட்டேன் என்றால் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட வேண்டும். டாக்டர் கேட்கவே இல்லை.

அதுவும் பேசினது யார்? நண்டு பிடிக்கிற டென்சில் கிட்டோ. டென்சில் எங்கள் போல்வென்னா துறைமுகத்தில் நின்று பேசினால் மேட்டு சர்ச்சில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட மனுஷன் அன்று காலை போனில் கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பில் மனசு இளகித்தான் டாக்டருக்குச் சம்மதம் கேட்பது மறந்துபோனது.

டென்சிலுக்குத் தூக்கத்தில் பேசும் பழக்கம் வந்துவிட்டதாம். சும்மா உளறினால் பரவாயில்லை. வெளியே வரவே கூடாத விஷயங்களெல்லாம் வாயில் வருகிறதாம். "வீட்ல இருக்கறவங்க காதுல விழுந்தா நான் தொலைஞ்சேன் டாக்டர்" என்று கெஞ்சினார். வேறு அறையில் படுத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். வேறு அறையில்தான் படுக்கிறேன், சுவர்தான் மெல்லிசு என்று பதில் வந்தது.

வேறு அறை என்றதுமே டாக்டருக்குப் பாதிக் கதை விளங்கிவிட்டது. டென்சிலின் மனைவி லவ்டேயை அவருக்குத் தெரியும். அந்த அம்மாளிடமிருந்து மறைக்க டென்சிலிடம் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது. அது இப்போது பெட்டிக்குள் பதிவாகி உட்கார்ந்திருக்கிறது.

டாக்டர் நேரே கிளினிக் மேனேஜர் பெட்ராக் நான்ஸின் அறைக்குப் போனார். பதிவுப் பெட்டியை வாங்கியது, சட்டதிட்டங்களைச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பெட்ராக்தான். நோயாளியின் ரகசியம் என்று வந்துவிட்டால் அவரைப்போல ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது. வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது இருமினால்கூட, யார் இருமியது என்று எட்டிப் பார்க்கக்கூடாது என்பார்.

டாக்டர் தன் தப்பைச் சொன்னதும் பெட்ராக் கண்ணை மூடிக்கொண்டு விதியை ஒப்பித்தார். நோயாளியைக் கேட்காமல் பதிவை வைத்திருக்கவும் கூடாது, கேட்காமல் அழிக்கவும் கூடாது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு, என்ன செய்யட்டும் என்று விசாரிக்க வேண்டும். "எந்த நோயாளி?" என்று கடைசியாகக் கேட்டார்.

"டென்சில் கிட்டோ."

பெட்ராக்கின் கையிலிருந்த டீ கால்சட்டையில் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை. "அழிச்சிடுங்க" என்றார். "இப்பவே. போட்டுக் கேக்காம, யார்கிட்டயும் சொல்லாம."

"இப்பத்தானே கேக்காம அழிக்கக் கூடாதுன்னீங்க?"

"அது பொதுவான விதி."

நம்மைச் சோதித்துப் பார்க்கிறார் என்று டாக்டருக்குப் பட்டது. டாக்டர் நேர்மையான மனிதர் வேறு. சோதனை என்றதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். நீங்கள் கற்றுக்கொடுத்த விதியை நீங்களே சொன்னாலும் மீறமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார்.

டாக்டர் டென்சில் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது லவ்டே.

"டென்சில் கடல்ல இருக்காரு. என்ன விஷயம் டாக்டர் கண்ணு?"

அவரிடம் மட்டும்தான் பேச வேண்டும் என்றார் டாக்டர். ஏதாவது பெரிய வியாதியா என்று அந்த அம்மாளின் குரல் இறங்கியது. சேச்சே, உடம்பு விஷயமே இல்லை என்றார். உடம்பு விஷயம் இல்லையென்றால் டாக்டருக்கு இவரிடம் என்ன வேலை என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதற்கு மேல் டாக்டருக்குப் பொய் வரவில்லை. டென்சில் தன்னிடம் பேசியது தவறுதலாகப் பதிவாகிவிட்டது என்று உளறிவிட்டார்.

"அப்படி என்ன பேசினாரு?"

"அதைச் சொல்ல முடியாதும்மா."

"நான் அவரு பொண்டாட்டி. எங்கிட்டகூடவா?"

"குறிப்பா உங்ககிட்ட."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அந்தப் பக்கம் லவ்டே போனை டொக்கென்று வைத்துவிட்டாள். டாக்டர் குனிந்து பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஆக, இப்போது லவ்டேயின் பேச்சும் அவள் சம்மதம் இல்லாமல் பதிவாகிவிட்டது. இந்த முறையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று மறுபடியும் போன் போட்டு, அவள் எடுத்தவுடனேயே, நாம் பேசுவது பதிவாகிறது, உங்களுக்குச் சம்மதமா என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"வக்கீல் இல்லாம ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாள் லவ்டே. அவள் மறுத்த அந்தப் பேச்சும் பதிவானது.

அன்று மாலை டென்சில் நண்டோடு கரைக்கு வந்தபோது, அவருடைய போர்வையும் தலையணையும் வலைக் கொட்டகை வாசலில் கிடந்தன. ராத்திரி சாப்பாட்டுக்கு இருந்த, கறி வைத்துச் சுட்ட பாஸ்டியைப் பக்கத்து வீட்டு நாய் தின்றுகொண்டிருந்தது. டாக்டரிடம் என்ன பேசினாய் என்று லவ்டே கேட்டாள். பேசினேன், ஆனால் என்னவென்று கேட்காதே, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார் டென்சில். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலாவது தேவலை. யாருக்கு வாக்கு என்கிற கேள்வி துறைமுக பப்புக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள், பிரான்ஸ் கரையில் டென்சிலுக்கு இன்னொரு குடும்பம் இருப்பதாகவும், மூத்த பையனுக்கு அவர் மூக்கு அப்படியே இருப்பதாகவும் ஆகிவிட்டிருந்தது.

இது டாக்டர் காதுக்கும் வந்தது. ஒரு வார்த்தை கேட்க மறந்ததற்கு ஒரு குடும்பமே உடைகிறதே என்று மனுஷன் உருகிப்போனார். சோறு இறங்கவில்லை. காலையில் பெட்ராக் வெளுத்த முகத்தோடு அறைக்கு வந்து, மெஷினில் ஏதோ கோளாறு, இந்த வாரப் பதிவுகள் எல்லாம் தானாக அழிந்துபோகலாம், ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். நோயாளியின் பதிவு அவரைக் கேட்காமல் அழிவதா? டாக்டர் பதறிப்போய் உடனே அதற்கு ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினார். அதைப் பெருமையோடு பெட்ராக்கிடம் சொன்னபோது பெட்ராக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாவம், ராத்திரியெல்லாம் இதே கவலையில் தூங்கவில்லை போலிருக்கிறது என்று டாக்டருக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

கொஞ்ச நேரத்தில் லவ்டேயே டென்சிலின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் கையில் இருந்த பத்திரிகைகளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு காதைத் தீட்டினார்கள். டாக்டர் டென்சிலை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, பதிவை வைத்துக்கொள்ளட்டுமா, அழிக்கட்டுமா என்றார்.

"வெச்சுக்கோங்க, அழிங்க, எப்படி வேணா பண்ணுங்க. என்னை வீட்டுக்குள்ள விட்டா போதும்."

அதெல்லாம் சட்டப்படி செல்லாது, எதற்குச் சம்மதிக்கிறீர்கள் என்று தெரிந்துதான் சம்மதிக்க வேண்டும் என்றார் டாக்டர். அன்றைக்கு என்ன பேசினோம் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

டென்சில் கூரையைப் பார்த்தார். "முட்டி வலி?"

"இல்ல."

"இடுப்பு?"

டாக்டருக்குத் திக்கென்றது. தூக்கத்தில் பேச்சு, இப்போது மறதியும் சேர்ந்துவிட்டதா? நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு, மெதுவாக, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். டென்சில் சரியாகச் சொன்னார். பிரதமர் யார் என்று கேட்டார். அவர்கள் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் கடலில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்றார் டென்சில். டாக்டருக்கு அதை மறதிக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. பதிவைப் போட்டுக் காட்டினால் ஞாபகம் வரும், போடட்டுமா என்று கேட்டார். டென்சில் சம்மதித்தார். அதற்குள் கதவு இடிபட ஆரம்பித்தது. உங்கள் மனைவியும் கேட்பதில் உங்களுக்குச் சம்மதமா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். யோசிக்கவே வேண்டாம், அவள் கேட்காவிட்டால் இன்றைக்கும் கொட்டகைதான் என்றார் டென்சில். இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவை சம்மதம் வாங்கிக்கொண்டு, எல்லாம் முறைப்படி நடந்ததில் மனசு லேசாகி, டாக்டர் லவ்டேயை உள்ளே விட்டுப் பதிவை ஓடவிட்டார்.

கிசுகிசுக் குரல் அறையில் நிறைந்தது. தூக்கத்தில் பேசுகிறேன், வெளியே வரவே கூடாத விஷயம், மெல்லிசுச் சுவர். லவ்டே தலையைச் சாய்த்துக் கேட்டாள். கண்ணில் இருந்த தீ மெல்ல அணைந்தது. அப்புறம் கைப்பையால் டென்சில் தோளில் ஒன்று போட்டாள்.

"அட கூறுகெட்ட மனுஷா. இது என் தம்பி பெட்ராக் குரல்ல?"

டென்சில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். முதல்நாள் காலையில் போனோடு மல்லுக்கட்டி, டாக்டரோடு போனில் பேச அப்பாயின்ட்மென்ட் வாங்கியது அவர்தான், முட்டிக்காக. மச்சினன் வந்து கெஞ்சியதால் அப்பாயின்ட்மென்டையும் தன் செல்போனையும் அவனிடம் கொடுத்திருக்கிறார். வேலை பார்க்கிற இடத்தில் தன் பேரில் காட்டிக்கொள்ள பெட்ராக்குக்கு வெட்கமாம். என்ன வியாதி என்று டென்சிலிடம்கூடச் சொல்லவில்லை. இதே கட்டிடத்தில், பின்பக்கத்துச் சாமான் அறைக்குள் நின்றுகொண்டு பேசியிருக்கிறான்.

டாக்டருக்கு வியர்த்துவிட்டது. எல்லாச் சம்மதத்தையும் கேட்டுக் கேட்டு வாங்கினார். வாங்கியது எல்லாம் வேறொருவரிடம். பேசியவனை ஒரு வார்த்தை கேட்காமல், அவனுடைய ரகசியத்தை அவன் அக்காவுக்கே போட்டுக்காட்டிவிட்டார். எழுந்து நின்று, கைகூப்பாத குறையாக, நீங்கள் கேட்டது இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது, ஒரு நோயாளியின் ரகசியம் என்பது எங்கள் உயிர் மாதிரி, வாக்குக் கொடுங்கள் என்று லவ்டேயைக் கேட்டுக்கொண்டார்.

லவ்டே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கையைப் பரிவோடு தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதீங்க டாக்டர் கண்ணு. அவன் எங்க வீட்டு மாடியில பக்கத்து ரூம்லதான் படுக்கறான், இங்க வர்றவங்க ஒவ்வொருத்தர் சீக்கையும் பேரோட ராத்திரி பூரா ஒப்பிக்கிறான். நீங்க மூலத்துக்கு லீவு போட்டதைக்கூட இன்னிவரைக்கும் நான் யார்கிட்டயாவது சொல்லியிருப்பனா?"