கம்பிவலைக்கு ஒரு கத்தரி

குசினிக் கத்தரிக்கோல் இரண்டாய்ப் போயிற்று. ஒரு பாதி சிவபாதத்தின் கையில் இருந்தது. மற்றப் பாதி கம்பிவலைக்குள் சிக்கிக்கொண்டு நின்றது. வலையில் ஒரு கீறல்கூட இல்லை.

"மீன் வெட்டுற கத்தரிக்கோலே அது?" யோகம்மா குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"பழசுதானே?"

"போன கிழமைதான் வாங்கினது."

சிவபாதம் துறைமுகத்தில் இலிகிதராய் இருந்து பென்சன் எடுத்தவர். எடுத்த நாளிலிருந்து விறாந்தைக் கதிரைதான் அவருக்கு எல்லாம். தூரத்தில் கப்பல் ஊதினால் நிமிர்வார். பிறகு தலை தொங்கிவிடும். பேச்சு 'ஓம்', 'வேண்டாம்' என்று சுருங்கிப் போனது. சோறும் பாதியில் நின்றுவிடும்.

அப்படியிருக்கையில்தான் யோகம்மா ஒருநாள் நாலு கோழிகளோடு வந்து நின்றாள்.

"கோழி வளர்க்க ஆசையாக் கிடக்கு. ஒரு கூடு அடிச்சுத் தருவியளே?"

கலியாணம் கட்டிய காலம்தொட்டு வாய்விட்டு ஒன்றும் கேட்காத மனுசி. சிவபாதம் கதிரையை விட்டு எழும்பினார்.

கூடு அவசரமாகவும் தேவைப்பட்டது. அவிழ்த்துவிட்டால் போதும், நாலும் மதிலேறி அடுத்த வீட்டு உம்மு குல்சுமின் வளவுக்குள் குதித்துவிடும். யோகம்மா போய்ப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கார் வாங்குகிற நினைப்பில் கட்டி, கார் வராமலே போன கொட்டில்தான் பட்டறை. கத்தரிக்கோல் உடைந்த கையோடு அவர் முனீப்பின் ஹாட்வெயார் கடைக்குப் போனார்.

"என்ன வலை சேர் வெட்டப் போறீங்க? பின்னின வலையா, ஒட்டின வலையா?"

"இரும்பு வலை," என்றார் சிவபாதம் கம்பீரமாக. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று எப்படிச் சொல்வது? "அந்தக் குறட்டை எடும். அது காணும்."

குறடு வெட்டியது. ஆனால் ஒவ்வொரு கம்பியாய், அதுவும் நடுவில் வெட்டியது. ஒரு முழம் வெட்டுவதற்குள் உள்ளங்கை பொக்களித்துவிட்டது. வெட்டின இடமெல்லாம் முள்ளு முள்ளாய் நீட்டிக்கொண்டு நின்றது. சிவபாதம் எழும்பினார், இடுப்பில் கட்டின சாரம் எழும்பவில்லை. முள்ளு அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயவிட்டுக்கொண்டு நின்ற உம்மு குல்சும் சட்டென்று முகத்தைத் திருப்பினாள். அவளுடைய தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்தது இரும்பறுக்கும் வாள். வாளை இழுக்க வலையும் கூடவே வந்தது. தள்ளக் கூடவே போனது. எழும்பின கிறீச்சலுக்கு நாலு கோழியும் மதிலுக்கு அங்கால் பறந்துவிட்டன.

"விடுங்கோவன். ஏலாட்டில் ஆரையும் பிடிச்சு..." என்று யோகம்மா இழுத்தாள்.

"ஆர் ஏலாது எண்டது?"

அவ்வளவு நீளமான வசனத்தை அவர் வீட்டில் பேசிக் கனநாள். யோகம்மா கோழிகளைப் பிடிக்கப் போனாள்.

மூன்றாவதாக இரும்பு வெட்டுகிற கிறைண்டர் வந்தது. சிவபாதம் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். தீப்பொறி திருவிழா வாணம் மாதிரி சீறி மதிலைத் தாண்டியது. பிறகு கறண்ட் நின்றது. அதற்கும் பிறகு உம்மு குல்சும் ஒரு படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்தாள். அதிலிருந்த ஓட்டைகளுக்குள்ளால் அவளுடைய முகம் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்கச் சிவபாதம் தானே போனார். கேட்டுவிட்டு வரவேண்டியவர், பிளேன்ரீ குடித்து, கிறைண்டரின் குறும்பெல்லாம் கைகாட்டிச் சொல்லி, பொழுதுபடத்தான் வந்தார்.

அடுத்த நாள் முனீப்பின் முன்னால் வெட்டின துண்டொன்றை வைத்தார். "தம்பி, எனக்கு இதைப்பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நீரே சொல்லும்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே சேர்!" முனீப் சிரித்தான். "இது ஒட்டின வலை. கிறைண்டர் சூட்டில பூச்சுப் போய்க் கறள் பிடிக்கும். இந்தக் கம்பி கட்டரக் கொண்டுபோங்க. மூலையோட ஒட்டவச்சு வெட்டுங்க, முள்ளு நீட்டாது. கையுறையும் போடுங்க."

டிக், டிக், டிக். கம்பி வெண்டிக்காய் மாதிரி அறுந்தது. அந்தச் சத்தம் சிவபாதத்துக்குப் பாட்டுப் போல இருந்தது. கூடு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்ததுதான், ஆனாலும் கூடு. கோழிகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று மத்தியானம் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினார். யோகம்மா அவர் விரலில் பிளாஸ்ரர் ஒட்ட, அவர் கதைத்துக்கொண்டே இருந்தார்.

"இனி யன்னலுக்கும் வலை அடிக்கவேணும். பிறகு கிணத்துக்கு ஒரு மூடி... என்ன அப்பிடிப் பாக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. நீங்கள் சொல்லுங்கோ." அவள் அவருடைய கையை விடவில்லை.

பின்னேரம் உம்மு குல்சும் கூடு பார்க்க வந்தாள். சிவபாதம் கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எல்லாம் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள். கூட்டைச் சுற்றி வந்தாள். பிறகு யோகம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"யோகம்மாக்கா, அண்ணன்தான் இப்ப நல்லாக் கதைக்கிறாரே... இனி என்ட கோழியளை நான் கொண்டு போகட்டா?"