மாமாவின் றங்குப்பெட்டியும் நான் எழுதிய வரலாறும்

பத்திரிகையில் வேலை செய்தவனிடம் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். கல்யாணக் கார்ட்டைக்கூடக் கொடுக்காதீர்கள். மாப்பிள்ளையின் பெயரை உறுதிப்படுத்த இரண்டு பேரைத் தேடுவான். இரண்டாவது ஆள் கிடைக்காவிட்டால் 'மாப்பிள்ளை ஒருவர்' என்று அச்சடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வரலாற்றை எழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் என்பது என் மனைவி வசந்தியின் ஊர். பரந்தனிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் வயல் கிராமம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் கட்டுரைக்கும் ஒரு அவசரக் கூட்டம் கூட்டுவார்கள். ஊரின் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே இருப்பவர்களுக்கும் மேற்கே இருப்பவர்களுக்கும் தண்ணீர் திறப்பதில் தொடங்கிக் கரப்பந்தாட்டம் வரை எதிலும் ஒத்துவராது. பொதுவாக இருந்தது சனசமூக நிலையம் ஒன்றுதான். காலையில் அங்கே பத்திரிகை படிப்பார்கள். பின்னேரம் கரம் பலகையில் காய் தட்டி விளையாடுவார்கள். வருடத்துக்கு ஒரு நாடகம் போட்டு, அடுத்த வருடம்வரை அதைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள்.

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு நிலையத்துக்குப் புதிய கட்டடம் எழும்பியது. திறப்பு விழாவில் நிலைய வரலாறு வாசிக்கப்பட வேண்டும். கிழக்கு எழுதினால் மேற்கு வராது, மேற்கு எழுதினால் கிழக்கு வராது. கொழும்பில் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு நான் அப்போதுதான் ஊரோடு வந்து சேர்ந்திருந்தேன். தலைவர் தவராசா அண்ணை இரு பக்கத்து ஆட்களையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, நீர்தான் எழுதவேணும்."

"எனக்கு இந்த ஊர்ச் சரித்திரம் ஒண்டும் தெரியாதே, அண்ணை."

"அதுக்குத்தான் உம்மட்ட வந்தனாங்கள். தெரிஞ்ச ஆக்களை எழுத விட்டால் வெட்டுக்கொத்தில போய் முடியும். நீர் வந்தான் வரத்தான். ஒரு பக்கமும் இல்லை."

(இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். என் மூளையின் அப்போதைய நிலை அதுதான்.)

அவர்கள் போனதும் மாமா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே அமர்ந்தார். வசந்தியின் அப்பா. எண்பதைத் தொட்டவர், மேற்குப் பக்கத்தவர். நிலையத்தின் முதல் தலைவர் தான்தான் என்பது அவர் கட்சி. இல்லை, காலஞ்சென்ற வாத்தியார் ஒருவர்தான் என்பது கிழக்கின் கட்சி. வாத்தியாரின் மகன் கனகலிங்கம் அந்தக் கட்சியின் நிரந்தரப் பேச்சாளர்.

"தம்பி, காணி, கிணறு, கோப்பை எல்லாத்தையும் நீர் எப்பிடியும் எழுதும். முதல் தலைவர் ஆரெண்டதை மட்டும் சரியா எழுதும்."

"உண்மை எதுவோ அதை எழுதுவன், மாமா."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

அடுத்த வாரமே விழாவுக்கென்று புது வேட்டியும் சால்வையும் வாங்கிவிட்டார். அந்த ஒரு வரியை ஊருக்கு முன்னால் இருந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

நான் மூன்று விதிகள் வகுத்தேன். எந்தத் தகவலுக்கும் கிழக்கில் ஒரு சாட்சி, மேற்கில் ஒரு சாட்சி வேண்டும். சாட்சி எனக்கு உறவினராக இருக்கக் கூடாது. வெளியாகும்வரை யாருக்கும் பிரதி காட்டப்படாது. கொழும்பில் ஒரு செய்தி ஆசிரியர் இவ்வளவு கண்டிப்பாக இருந்தால் பத்திரிகை வெள்ளைத்தாளாகத்தான் வரும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். போகிற இடமெல்லாம் பிளேன்ரீ தந்து வரலாறு சொன்னார்கள்.

"கிணறு வெட்டினது என்ர அப்பா," என்றார் கனகலிங்கம்.

இதை மேற்கில் கேட்டேன். "அவர் கிணத்துக்க விழுந்தவர். வெட்டினது நாங்கள். அவரைத் தூக்கினதும் நாங்கள்தான்."

காணியைக் கொடுத்தவர் யார், கூரைக்குக் கிடுகு கொடுத்தவர் யார், முதல் கோப்பையை வென்ற அணி எது என்று கேட்டதற்கெல்லாம் இப்படித்தான் பதில் வந்தது. ஒவ்வொன்றாக வெட்டினேன். முதல் தலைவரையும் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் என் நேர்மை ஒரு அங்குலம் வளர்ந்தது. வரலாறு ஒரு முழம் குறைந்தது.

வசந்திக்கு ஏதோ மணத்திருக்க வேண்டும்.

"இஞ்சேருங்கோ, என்ன எழுதியிருக்கெண்டு அப்பா ஒருக்காப் பாக்கட்டாம்."

"வெளியாக முதல் ஒருத்தருக்கும் காட்டுறேல்லை."

"உங்களுக்கு விசர். அவர் உங்கட மாமா."

இதைப் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு விடுக்கப்பட்ட அச்சுறுத்தலாக எடுத்துக்கொண்டு எழுத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் புதையல் கிடைத்தது. வாய்க்காலின் இரு பக்கமும் ஒரே மாதிரிச் சொன்ன ஒரே ஒரு சம்பவம். முதல் இடப்பெயர்வின்போது எல்லோரும் உழவு இயந்திரங்களில் ஸ்கந்தபுரம் பக்கம் கிளம்பினார்கள். நிலையத்தின் றங்குப்பெட்டியைக் கொண்டுபோகும் பொறுப்பு மாமாவுடையது. அந்தத் தகரப்பெட்டிக்குள் நிலையத்தின் பழைய படங்களும் கோப்பைகளும் இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். இடம் போதாமல் தன்னுடைய நெல் மூட்டைகள் இரண்டை இறக்கிவிட்டுப் பெட்டியை ஏற்றினார். ஸ்கந்தபுரத்தில் ஒரு மரத்தடியில், இரு பக்கத்தாரும் பார்த்திருக்க, அலவாங்கு போட்டுப் பூட்டை உடைத்தார்கள். உள்ளே நாடகத்துக்கான ஐந்து தாடிகள், கண்ணாடிக்கல் உதிர்ந்த ஒரு கிரீடம், இரண்டு சோடி அசுரப் பற்கள். படங்களும் கோப்பைகளும் இருந்த பெட்டி, அதே நிறம், அதே அளவு, ஊரிலேயே நின்றுவிட்டது.

எந்த வீட்டில் கேட்டாலும் தாடி ஐந்துதான். ஒருவர்கூட நாலு என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் 'அப்பா நிலையத்தின்ர பெட்டியைக் காப்பாத்தினவர்' என்பதோடு கதை நின்றிருந்தது. அப்போது ஊரில் இல்லாத வசந்திக்கும் அதற்குமேல் தெரியாது. மாமாவிடம் நான் கேட்கவில்லை. அவர்தான் உறவினராயிற்றே.

பெட்டி பிறகு என்னவானது என்று விசாரித்தேன். கடைசிப் போரில் உடையார்கட்டுவரை வந்தது என்றார்கள். அதற்கப்பால் எந்தப் பொருளைப் பற்றியும் எங்கள் ஊரில் யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

விழா நாள். விளக்கேற்றினார்கள், மாலை போட்டார்கள். முன்வரிசையில் மாமா, மடிப்புக் கலையாத வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக, என்னைப் பார்த்துத் தலையை இலேசாக ஆட்டினார். நான் ஒலிவாங்கியின் முன்னால் நின்று தொடங்கினேன்.

"எமது சனசமூக நிலையம் நீண்ட காலத்துக்கு முன்னர் சிலரால் ஓரிடத்தில் ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு முதல் தலைவர் ஒருவர் இருந்தார். கிணறு ஒன்றும் இருந்தது. கரப்பந்தாட்டப் போட்டிகளில் வெற்றிகளும் தோல்விகளும் கிடைத்தன."

சபை அமைதியாக இருந்தது. (கவனத்தோடு கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.) பிறகு றங்குப்பெட்டி, இரண்டு முழுப் பக்கம். நெல் இருந்தது, மரம் இருந்தது, அலவாங்கு இருந்தது. அந்த வரலாற்றில் பெயர் சொல்லப்பட்ட ஒரே மனிதர் மாமா. அந்தப் பெயரைத் தொடர்ந்து வந்தது இந்த வாக்கியம்: "அன்னார் தமது இரண்டு நெல் மூட்டைகளை இறக்கிவிட்டு ஐந்து தாடிகளை ஏற்றிக்கொண்டார்."

கிழக்குப் பக்கத்துப் பின்வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். மேற்கில் இன்னொருவர். பிறகு மண்டபம் முழுவதும். கனகலிங்கம் எழுந்தே விட்டார்.

"அதில நாலாவது தாடியை நான் தலகணியா வைச்சுப் படுத்தனான்."

"அது மூண்டாவது," என்றது மேற்கு. "நாலாவதை எங்கட நாய் கொண்டுபோட்டுது."

வாய்க்கால் தோன்றிய காலந்தொட்டு இரு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான் என்று தவராசா அண்ணை பின்னர் சொன்னார். நான் அப்போது மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, சால்வையைச் சரிசெய்து, மேடைக்கு வந்தார். ஒலிவாங்கியை என் கையிலிருந்து எடுத்தார். சிரிப்பு நின்றது.

"பெட்டியின்ர திறப்பை என்னட்ட ஒருத்தரும் தரேல்லை. கொண்டு போகச் சொன்னாங்கள். கொண்டு போனனான்."

ஒலிவாங்கியைத் திருப்பித் தந்துவிட்டு இறங்கி, வாய்க்கால் கட்டு வழியாக வீட்டுக்கு நடந்தார். பெட்டியின் சாவி மாமாவிடம் இருக்கவில்லை: நான் ஊர் முழுக்கச் சைக்கிள் ஓடிக் கேட்டும் எனக்குக் கிடைக்காத தகவல் அதுதான். எங்கள் வீட்டிலேயே இருந்தது.

அதன்பிறகு பல மாதம் மாமா என்னோடு நேரே கதைக்கவில்லை. மேசைக்கு எதிரே இருந்துகொண்டு வசந்தியிடம் சொல்வார். "பிள்ளை, உந்தப் பத்திரிகைக்காரரைக் கேள், இன்னும் சோறு வேணுமோ எண்டு."

"எனக்குக் காணும், மாமா."

"என்ன சொல்லுறார் எண்டு கேள்."

"நான் என்ன உங்கள் ரெண்டு பேருக்கும் ரெலிபோனோ?" என்று வசந்தி குசினிக்குள் போய்விடுவாள். அங்கே அவள் என்னைப் பற்றிச் சொன்னதற்குச் சாட்சி தேவையில்லை, எனக்கே கேட்டது.

நிலையத்தின் அடுத்த பொதுக்கூட்டம் முடிந்த மறுநாள் தவராசா அண்ணையும் கனகலிங்கமும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். இதைப் பார்க்கவே அயலவர்கள் வேலியருகே கூடினார்கள். முதல் தலைவர் யார் என்பது இந்தக் கூட்டத்திலும் முடிவாகவில்லை. (சுவரில் உள்ள தலைவர்கள் பெயர்ப்பட்டியலில் முதல் இடம் இன்றும் வெறுமைதான்.) ஆனால் ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருந்தது. புதிய கட்டடத்தின் திறப்பு மாமாவிடம் இருக்க வேண்டும். கொண்டுவந்து நீட்டியவர் கனகலிங்கம்.

மாமா கையை நீட்டவில்லை.

"உள்ளுக்க என்ன கிடக்கு?"

"புத்தகமும் கரம் போட்டும்தான், ஐயா."

"பாத்தனீங்களோ?"

மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு போய், ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து பார்த்த பிறகுதான் திறப்பை வாங்கினார். திரும்பி வந்து என்னிடம், நேரே என்னிடம், "தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கேட்டார். மன்னிப்பு வந்துவிட்டது. அதற்கான தண்டனையும் கூடவே வந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டி மூடிய பொருள் எதுவும் போக முடியாது. அரிசிப் பையும் அவிழ்க்கப்படும், பலகாரப் பெட்டியும் திறக்கப்படும். போன மாதம் எங்கள் மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போக வெளிக்கிட்டாள். மாமா படலையில் கதிரை போட்டு இருந்து, அவளது பயணப் பையைத் திறக்கச் சொன்னார். உடுப்பு, புத்தகம், மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை எல்லாம் பாயில் பரப்பப்பட்டன. ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் உத்தரவு கொடுத்தார்.

"தாடி ஒண்டும் இல்லை. போகலாம், பிள்ளை."

மகளும் வசந்தியும் சிரித்து முடித்து பையை மறுபடி அடுக்குவதற்குள் பரந்தனில் பேருந்து போய்விட்டது. மகளைப் பின்னால் ஏற்றி, பையை முன்னால் பெற்றோல் தாங்கியின்மேல் வைத்து அணைத்துக்கொண்டு, நான் வவுனியாவரை மோட்டார் சைக்கிள் ஓடினேன்.