சுத்தம் பண்ணின கச்சேரி

அன்பு மகன் கோகுல்ராஜுக்கு வில்பட்டியிலிருந்து அம்மா மகாதேவி எழுதுவது. இங்கே நானும் மாடும் பூண்டும் சுகம். திருப்பூரில் நீயும் மருமகள் ஸ்வேதாவும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க நம்ம காளியாத்தா துணை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் பேசி அனுப்புவதையெல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்கிறாய் என்று ஸ்வேதா சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது பார், அதான். அஞ்சாம் வகுப்புக் கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். மெதுவாகவே படி.

நீ அனுப்பிய பாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. உங்கப்பா போய் வருசம் திரும்பாத வீடு, திருவிழாக் கச்சேரிக்கு அம்மா போகக்கூடாதே, வீட்டிலேயே கேட்கட்டும் என்று நினைத்தாய் பார், அந்த மனசுக்கு நீ நல்லா இருக்கணும். செண்பகனூரிலிருந்து டிக்சன் தம்பி வந்து மாட்டினான். மூலைக்கு ஒரு சின்னப் பெட்டி, தரையில் ஒரு குண்டுப் பெட்டி. "அம்மா, நீங்க சரியா நடுவுல உக்காரணும், அப்பத்தான் சுத்தியும் கேக்கும்" என்றான். நடுவில் பூண்டு அல்லவா கிடக்கிறது? பூண்டை ஒதுக்கி நான் உட்கார்ந்தேன், இடம் இல்லாமல் ஒரு கூடைப் பூண்டைக் குண்டுப் பெட்டி மேல் வைத்தேன். டிக்சன் அமுக்கினான். திம்மென்று ஒரு அடி. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கேரட் தோட்டத்துக்குள் ஓடியது, நான் மாட்டுக்குப் பின்னால் ஓடினேன், டிக்சன் எனக்குப் பின்னால் ஓடினான். பிடித்துக் கட்டிவிட்டு வந்து பார்த்தால் கூடையிலிருந்த பூண்டு அதிர்ந்து அதிர்ந்து தோலெல்லாம் தனியாக, மண்ணெல்லாம் தனியாகக் கிடக்கிறது! பக்கத்து வீட்டு இருளாயி மதினி பார்த்துவிட்டு, "அடியே, என் மூட்டைக்கும் ரெண்டு பாட்டுப் போட்டு விடுடி" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதெல்லாம் சிரிப்புத்தான். ஆனால் பாட்டைக் கேட்க உட்கார்ந்தபோது எனக்கு வந்தது பார் கோபம். போன வருசத் திருவிழாவில் உன் மாமன் வேல்ராஜ் போனில் பிடித்த கச்சேரியைத்தானே நீ பென்டிரைவில் ஏற்றி அனுப்பினாய்? ஆள் வைத்துச் சுத்தம் பண்ணினேன் என்று பெருமையாக வேறு சொன்னாய். நல்லாத்தான் பண்ணியிருக்கிறார்கள். ஜெனரேட்டர் இரைச்சல் இல்லை, பிள்ளைகள் அழுகை இல்லை, கைதட்டு இல்லை. ஏலே, உங்கப்பாவும் இல்லையே!

பாட்டு முடியும் முன்னாலேயே "இன்னொருக்கா!" என்று அவர் கத்துவாரே, ஊரே திரும்பி முறைக்குமே, திண்டுக்கல் பாட்டுக்காரர் பொன்னுச்சாமி மைக்கிலேயே, "நல்லசாமி அண்ணே, மொத தடவையே இன்னும் முடியலண்ணே" என்று கும்பிட்டாரே, அத்தனையும் அதில் இருந்ததே. குப்பை என்று கூட்டித் தள்ளிவிட்டாயா? எனக்கென்று இருந்தது அவர் சத்தம் ஒன்றுதான். போட்டோவில் கூட வாயை மூடிக்கொண்டு வேறு யாரோ மாதிரி நிற்கிறார். அந்தப் பழையது உன்னிடம் இருக்கிறதா, அழித்துவிட்டாயா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதமே.

இன்னும் கேள். வெள்ளிக்கிழமை திருவிழாக் கச்சேரி. சாயங்காலம் நானும் மதினியும் வாசல்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். உள்ளே உன் பெட்டி பாடுகிறது, எதிர்ச் சரிவில் கோயில் மேடை பாடுகிறது. டிக்சன் சொன்னது பொய்யில்லை, பெட்டியில் ஒவ்வொரு வார்த்தையும் கற்கண்டு மாதிரி விழுகிறது. நான் நிறுத்திவிட்டு டீ போடப் போனால் பாட்டுக்காரர் வாயைத் திறந்தபடி எனக்காக நிற்கிறார். மேடைச் சத்தமோ மஞ்சு மூட்டம் இறங்கினால் அமுங்குகிறது, விலகினால் வந்து நெஞ்சில் இடிக்கிறது. "எதுக்கு ரெண்டு? ஒண்ண அமத்து" என்றாள் மதினி. பெட்டியை அமத்தினேன்.

அந்த நேரம் பார்த்து எதிரே பாட்டு முடிகிற கட்டம். முடிந்தும் விட்டது. யாரும் கைதட்டவில்லை. பழக்கம் பார், ஊரே அந்தக் குரலுக்குக் காத்துக் கிடக்கிறது. பொன்னுச்சாமிக்கு விசயம் தெரியாது போல. மைக்கில், "எங்கப்பா நம்ம இன்னொருக்கா அண்ணே? இந்த வருசம் கோவமா?" என்று கேட்டார். பெட்டிக்குள்ளே பாடுகிறவனுக்கு நாம் இருக்கிறோமா செத்தோமா தெரியாது. இவர் தேடினாரய்யா. எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து "இன்னொருக்கா!" என்று கத்திவிட்டேன். சரிவைத் தாண்டிப் போய் மேடையில் விழுந்தது.

மதினி என் வாயைப் பொத்தினாள். "அடிப்பாவி, துக்க வீட்டுக்காரி!" என்றாள். "போகக்கூடாதுன்னுதான மதினி இருக்கு? நான் படி எறங்கலயே, சத்தந்தான போச்சு" என்றேன். அதற்குள் கோயிலில் ஒரே விசில், கைதட்டு. பொன்னுச்சாமி முதலிலிருந்து பாடினார். குரல் கொஞ்சம் உடைந்தது, பக்கத்தில் யாரோ விசயத்தைச் சொல்லியிருப்பார்கள். மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஏண்டி, ஒருக்காத்தான் கத்துவியா?" என்றாள்.

ஆகவே மகனே, நேரில் கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை. பெட்டி எனக்கு வேண்டாம். எடுத்துப் போக டிக்சனை வரச் சொல்லிவிட்டேன். அந்த அழுக்குக் கச்சேரி இருந்தால் மட்டும் வெரசா அனுப்பு. அழித்திருந்தால் அதைச் சொல்லாதே, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லு. ஸ்வேதாவைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல். உங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா
மகாதேவி

பின்குறிப்பு: மேலே திட்டியதை எல்லாம் படிக்காதே. படித்திருந்தால் மறந்துவிடு. பெட்டியை எடுக்க வந்த டிக்சன், "என்னம்மா, இதுல ரெண்டு கச்சேரில்ல கெடக்கு?" என்கிறான். முதலாவது முடிந்ததும் கரண்டு வீணாகிறதே என்று நான்தான் ஒவ்வொரு தடவையும் அமத்தியிருக்கிறேன். அழுக்கும் அப்படியே ஏற்றி அனுப்பியிருக்கிறாயே என் ராசா! டிக்சன் போட்டான். எனக்குப் பின்னால் இருந்த பெட்டியிலிருந்து "இன்னொருக்கா!" என்று ஒரு கத்து. வெடுக்கென்று திரும்பி, "சும்மா இருக்க மாட்டீங்களா, சனம் பாக்குது" என்றேன். டிக்சன் பயந்துபோய், "நான் ஒண்ணுமே பேசலியேம்மா" என்கிறான். பெட்டி இங்கேயே இருக்கட்டும்.