முதுகு ஜப்பான்

இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் கல்முனைக்குடியில், ஓர் ஆளின் முகத்தைப் பார்க்காமலே அவருடைய தொழில், வயது, காலையில் வீட்டில் சண்டை நடந்ததா இல்லையா என்ற மூன்றையும் சொல்லக்கூடிய ஒரே மனிதர் ஜப்பானில் பிறந்தவர். அவருக்கும் நல்லதொரு பெயர் இருந்தது. அது எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. முதுகு ஜப்பான் என்று சொன்னால் எந்த ஓட்டோக்காரரும் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவார்.

அவர் ஓவியர். நாடு நாடாக வாழ்ந்து, படம் கீறி, ஜப்பானில் உள்ள ஓர் ஓவியக்கூடத்துக்கு அனுப்பிப் பிழைப்பவர். சில வருடங்களுக்கு முன் எங்கள் கடலைப் பார்க்க வந்தவர், என் மூத்த சகோதரி, ராத்தா வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டார். மொழிபெயர்க்க நான் போனேன்.

"படம் கீறட்டும் தம்பி. ஆனா முகம் கீறி எங்கட ஊட்டுக்குள்ள வெக்கக்கூடா. மலக்குமார் வரமாட்டாங்க" என்றாள் ராத்தா.

வானவர்கள் வராமல் போகும் விஷயத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒருவாறு விளக்கினேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "முதுகு?" என்று கேட்டார்.

"முதுகுக்கென்ன? கீறட்டும்."

அன்று பிடித்தார் மனிதர் எங்கள் முதுகை. மீன் சந்தையிலும் கடற்கரையிலும் படம் கீறும் கொப்பியோடு ஆட்களுக்குப் பின்னாலேயே நடந்தார். ஒரு மீன் வியாபாரி சைக்கிளை நிறுத்தி என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "சேர், இவர் சீஐடியா? நாலு நாளா எனக்குப் பின்னால வாறார். நான் ஒரு குத்தமும் செய்யல்லயே."

விஷயம் தெரிந்த பிறகு ஊரே மாறிப்போனது. சேட்டின் பின்பக்கத்தை மட்டும் ஸ்திரி போட்டவர்களை எனக்குத் தெரியும். சலூன்காரரை அண்ணன் முறையில் காக்கா என்றழைத்து, "முன்னுக்கு எப்பிடியும் வெட்டுங்க காக்கா, பின்னுக்குக் கவனம்" என்றார்கள். ஜப்பான் முதன்முதலில் கற்ற தமிழ் வசனமே, "திரும்பாமப் போங்க காக்கா" என்பதுதான்.

இப்படியிருக்கையில் ஓவியக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. முதுகு போதும், இனி முகம் அனுப்பினால்தான் எடுப்போம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வருமானம் நின்றால் அவர் ஊருக்குத் திரும்பவேண்டியதுதான். அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுச் சும்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள், நான் சொல்லக் கேட்டு, ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாடி ஏறி, அவர் முன்னால் கதிரையில் அமர்ந்தாள். துணைக்கு நானும் இருந்தேன்.

"என்ட முகத்தக் கீறச் சொல்லு தம்பி. ஊட்டுக்குள்ள வெக்காம நேரா ஜப்பானுக்கு அனுப்பட்டும்."

மூன்று நாள் இருந்தாள். அவர் தூரிகையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் அலுத்துப்போய், தேத்தண்ணி போட எழும்பி நடந்தாள். அப்போதுதான் அவர் கை வேலை செய்யத் தொடங்கியது.

படம் முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டார். வழக்கம்போல முதுகு. "மன்னிக்கணும் ராத்தா. கீறச் சொல்ற விருப்பம் உங்கட முகத்துல இல்ல. எனக்காக இருந்தீங்க. அதைக் கீற எனக்கு ஏலாது. இதையே அனுப்பிப் பாக்கிறன்" என்றார்.

ராத்தா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது நானில்ல தம்பி. இது உம்மா."

எங்களைப் பெற்ற உம்மாவேதான். இடது தோள் சற்று இறங்கி, முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போகும் அதே போக்கு. உம்மா கண்மூடி மௌத்தாகி வெகுகாலம். போட்டோ எடுக்க ஒருநாளும் விட்டதில்லை. ஜப்பான் உம்மாவைக் கண்டதும் இல்லை. என் கண் நிறைந்துவிட்டது.

"இத அனுப்பேலா" என்றாள் ராத்தா.

"அனுப்பாட்டி நான் ஊருக்குப் போகணும், ராத்தா."

"நீங்களும் போகேலா. எங்கட உம்மாவக் கூட்டி வந்த ஆள எப்பிடி அனுப்புற?"

இப்போது அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைக்கிறார். எழுத்து கொஞ்சம் கோணல்தான். அதை யாராவது என் காதுபடச் சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன்.