வைப்பருக்கு எண்ணெய் வைத்தவள்

எண்ணெய் வைத்தால் சரியாகாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்புகிறவர்கள் நாங்கள். தலைவலிக்கு எண்ணெய், கால் வெடிப்புக்கு எண்ணெய், கதவு கிறீச்சிட்டால் எண்ணெய், பிள்ளை விடாமல் அழுதால் உச்சியில் ஒரு துளி எண்ணெய். வீட்டைச் சுற்றித் தென்னையாக நின்றால் வேறு வைத்தியம் எப்படித் தோன்றும்? (என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிற பேரப்பிள்ளைகள் இப்போதே வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.)

எனக்கு இந்த நம்பிக்கையை ஊட்டியவள் என் அக்கா. அம்மா இறந்தபோது நான் சின்னக் குழந்தை. அக்காவும் பெரியவள் ஒன்றும் இல்லை, பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வயது. அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எனக்கு அம்மாவானாள். சனிக்கிழமை வந்தால் இரும்புக் கரண்டியில் தேங்காயெண்ணெயைக் காய்ச்சி, என்னை முழங்காலுக்கு நடுவே இடுக்கி உட்கார வைத்துத் தலையில் தேய்ப்பாள். நான் நெளிந்தால் மண்டையில் ஒரு குட்டு விழும்.

"காஞ்சு கெடந்தா எல்லாம் ஒடிஞ்சு போவும் ட்டி. அனங்காம இரி."

பிறகு எனக்குக் கல்யாணமாகிக் குழித்துறைக்குப் போனேன். முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீட்டுக்காரர் சந்தை முக்கில் வாடகைக்குக் கார் ஓட்டினார். மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டி, அலுத்து, விற்றுவிட்டுப் போன கார். மேலே படுதாக் கூரை, இரண்டு பக்கமும் வெறும் காற்று, முன்னால் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் நெற்றியில் ஒரே ஒரு வைப்பர் தொங்கும். இப்போது மாதிரி அது தானாக ஆடாது. உள்பக்கம் ஒரு சிறு கைப்பிடி இருக்கும், அதைப் பிடித்து இடமும் வலமும் ஆட்ட வேண்டும். ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டவே எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு கை போதாது என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்தான் ஆட்டுவார். நான் ஏறினால் அது என் உத்தியோகம். கார்க்காரன் பெண்டாட்டி என்ற பவுசு எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. மழை பெய்யாத நாளிலும் ஊர் பார்க்க இரண்டு ஆட்டு ஆட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் வீட்டுக்காரருக்கு மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை கிடைத்தது. அக்காவும் கூடப் போகிறாள். தோவாளையில் அப்பா வீட்டிலிருந்து புறப்பட்டு, திருநெல்வேலியில் ரயில் ஏறி, நாகப்பட்டினத்தில் கப்பல் பிடிக்க வேண்டும். செய்தி கேட்டதும் ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் பவுசு தலையெடுத்தது.

"நீ பஸ்ஸுல போவண்டாம் எக்கா. நான் காரு கொண்டு வாறேன். ரயிலு வரைக்கும் நம்ம வண்டியிலதான்."

"ஐப்பசி மழையில ஒனக்க மாப்ளைக்க வண்டி ஓடுமா ட்டி?"

"ஓடும். நான் வைப்பர் ஆட்டுவேன்லா!"

அக்கா சிரித்தாள். "அப்பம் நீ வாற வரைக்கும் நான் படி எறங்க மாட்டேன், கேட்டியா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வைப்பரின் ரப்பர் பிளேடு வெயிலில் வெடித்துப் பிய்ந்து கிடந்தது. எங்கள் வீட்டுக்காரர் நாகர்கோவில் போய்ப் புது பிளேடு வாங்கி வந்தார். பார்த்தால் முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது.

"இது லாரிக்கு உள்ளதுல்லா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் ஒரே வெலதான். நீளம் கூடுனா கூடத் தொடைக்கும்," என்றார். கண்ணாடிக்கு அது பொருந்தவில்லை. சட்டத்தில் முட்டி நின்றது. உடனே தேங்காய் வெட்டுகிற வெட்டுகத்தியை எடுத்து ஒரு முனையை நறுக்கினார். வெட்டுக் கோணலாகப் போனது. அதைப் பெரிய குறையாக அவர் நினைக்கவில்லை.

எனக்கு நீளத்தைப் பற்றிக் கவலை இல்லை. நான் ரப்பரைத் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரன் எத்தனை வருஷம் வெயிலில் தொங்கவிட்டிருந்தானோ, முறுக்கு மாதிரி விறைத்துக் கிடந்தது. காய்ந்து கிடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்? அன்று சாயங்காலமே கரண்டியில் எண்ணெய் காய்ச்சினேன். இளஞ்சூட்டில் பிளேடின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பதமாகத் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். ஒரு வாரம் விடவில்லை. (சளி பிடிக்காமலிருக்க எண்ணெயில் மிளகு போடுவோம். வைப்பருக்குப் போடவில்லை. அந்த அளவுக்கு அறிவு இருந்தது.) ரப்பர் கறுகறுவென்று மின்னி, பூரித்து, ஆட்டுக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று ஆனது.

எங்கள் வீட்டுக்காரர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்பம்தான் நல்ல பதமா இருக்கு," என்றார். இதை அவர் சொன்னார். பிற்பாடு சொல்லவேயில்லை என்று சாதித்தார்.

அக்கா புறப்படுகிற நாள் விடிந்தது. அவளுக்காக நானே சிறுபயறு இடித்து, வெல்லப்பாகில் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்தை ஒரு தகர டப்பாவில் நிறைத்து மடியில் வைத்துக்கொண்டேன். முந்திரிக்கொத்து சீக்கிரம் கெடாது, கப்பல் முழுக்கத் தின்னலாம். தக்கலை தாண்டும் வரைக்கும் தூறல்கூட இல்லை. அதற்கப்புறம் வானம் பொத்துக்கொண்டது.

"ஆட்டு!" என்றார்.

ஆட்டினேன். வைப்பர் போன வழியெல்லாம் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. பால் குடித்துவிட்டுக் கழுவாத கண்ணாடித் தம்ளரின் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"ஆட்டு ட்டி!"

"ஆட்டிட்டுல்லா இருக்கேன்!"

"அப்பம் ஏன் ஒண்ணும் தெரியல்ல?"

"ஆட்டுனதுக்குப் பொறவுதான் தெரியல்ல!"

வண்டியை ஒரு டீக்கடையில் நிறுத்தி அடுப்புச் சாம்பல் வாங்கிக் கண்ணாடியைத் தேய்த்தோம். பளிச்சென்று ஆனது. ஏறி உட்கார்ந்து ஒரு ஆட்டு ஆட்டியதும் மறுபடி பால். ஒரு வாரம் குடித்த எண்ணெயை ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கிக்கொண்டிருந்தது. பிளேடைக் கழற்றி எறியலாம் என்றால் திருகாணி துருப்பிடித்து இறுகியிருந்தது. கண்ணாடியின் மேல்பாதியைத் தள்ளித் திறக்கலாம் என்றால் அதுவும் அப்படியே. எங்கள் வீட்டுக்காரர் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். அவருடைய மூக்குக்கண்ணாடியில் மழை வழிந்தது. நான் அதைக் கழற்றி முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன். முன்கண்ணாடியைத் துடைத்த அதே முந்தானை. அதன் பிறகு அவருக்கு உள்ளேயும் தெரியவில்லை, வெளியேயும் தெரியவில்லை. வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரன் எங்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஊர்ந்து ஊர்ந்து தோவாளை போய்ச் சேர்ந்தபோது அப்பா குடையோடு வாசலில் தனியாக நின்றார்.

"பஸ்ஸு இப்பம்தான் போச்சு மக்கா. நீ வராம படி எறங்க மாட்டேன்னு ஆனமட்டும் நின்னு பாத்தா. ரயிலு போயிருமேன்னு நான்தான் புடிச்சு ஏத்தி விட்டேன்." குடையால் ரோட்டைக் காட்டினார். "ஆரல்வாய்மொழி சவுக்கையில பொட்டி தொறந்து பாப்பானுவ. பஸ்ஸு நிக்கும். ஓடு."

திருவிதாங்கூர் எல்லை முடிகிற இடம் ஆரல்வாய்மொழி. சுங்கச் சவுக்கையில் எல்லா வண்டியும் நின்றுதான் போக வேண்டும். நான் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கணவாய்க் காற்று மழையைக் குறுக்காக அடித்தது. சவுக்கையை நாங்கள் நெருங்கும்போது முன்னால் பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. அது புறப்பட்டுவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் ஹாரனைப் பிழிந்தார். காற்று அதை எங்கள் பக்கமே திருப்பிக் கொண்டுவந்தது. நான் "எக்கா, எக்கா" என்று கத்திக்கொண்டே வைப்பரை ஆட்டினேன். பாலுக்கு அந்தப் பக்கம் பெரிதாக ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. பஸ்ஸுக்கு அடித்த சாயம் என்று நினைத்தேன். அதைப் பார்க்கத்தான் இன்னும் வேகமாக ஆட்டினேன். ஆட்டிய வேகத்தில் ரப்பர் உரிந்து கையகலத்துக்குத் தொங்கியது, வெறும் கம்பி கண்ணாடியைக் கீறியது. கார் ரோட்டை விட்டு இறங்கி ஓடையில் சாய்ந்து நின்றது. அப்போதும் நான் கையை நிறுத்தவில்லை.

"போதும் ட்டி. போச்சு," என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

யாராவது வந்து தூக்கிவிடும் வரைக்கும் சாய்ந்த காருக்குள் உட்கார்ந்திருந்தோம். பசி வந்தது. வெட்கக்கேடாக இருந்தாலும் சொல்கிறேன், அந்த முந்திரிக்கொத்தை நாங்கள்தான் தின்றோம். அழுதுகொண்டே தின்றோம்.

அன்று ஆரம்பித்த சண்டை எங்கள் வீட்டில் கடைசி வரைக்கும் ஓடியது. கெடுத்தது அவர் வாங்கிய ரப்பரா, நான் வைத்த எண்ணெயா? விருந்தாளி வந்தால் அவர்களையும் பஞ்சாயத்துக்கு உட்கார வைப்போம். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வீட்டில் எது கெட்டாலும், குழம்பு அடிபிடித்தாலும், பிள்ளை பரீட்சையில் தோற்றாலும், "எண்ண வச்சியா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பிற்பாடு எங்கள் வீட்டுக்காரர் வாங்கிய கார்களுக்கெல்லாம் கண்ணாடியை அளந்து பார்த்து நானே பிளேடு தேர்ந்தெடுத்தேன். மழைக்காலத்துக்கு முன்னால் புதிது போட்டேன். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தேன், வெறும் தண்ணீர் மட்டும்தான். என் தலைக்குக்கூட நான் அவ்வளவு பணிவிடை செய்ததில்லை.

ஆனால் அவர்களோடு சேர்ந்து நான் சிரித்ததில்லை. அக்கா திரும்பி வரவில்லை. போர் வந்து கப்பல் நின்றது, அது முடிவதற்குள் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். கப்பல் நிற்கும் வரைக்கும் சுகம் கேட்டுக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. படியிறங்க மாட்டேன் என்று காத்து நின்றவளை ஏமாற்றினேன், அந்தக் கோபம் ஆறாமலே போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தலை துவட்டி வளர்த்தவளுக்குக் கடைசியாக ஒரு முகம்கூடக் காட்டவில்லையே என்பதுதான் என் துக்கம்.

பல வருஷங்களுக்குப் பிறகு அக்காவின் மகள் லில்லி மலாயாவிலிருந்து எங்களைப் பார்க்க வந்தாள். அங்கேயே பிறந்தவள், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம். நடையும் நிற்கிற நிலையும் அப்படியே அக்கா. சாப்பிட்டு முடித்ததும் எங்கள் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் வைப்பர் கதையை எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். லில்லி சிரிக்கவில்லை.

"அப்பம் அது வைப்பரா சித்தி?" என்று கேட்டாள். "அம்மா வேற மாதிரில்லா சொல்லுவா. பஸ்ஸுக்க பின் ஜன்னல் வழியா பாத்தாளாம். மழையில ஒங்க காரு வந்துதாம். முகம் ஒண்ணும் தெரியல்லயாம். கண்ணாடிக்கு உள்ள ஒரு கை மட்டும் ஆடிட்டே இருந்துதாம். வண்டிய நிப்பாட்டச் சொன்னா டிரைவர் கேக்கல்ல. அம்மாவும் மஞ்சச் சீலத் தலைப்ப எடுத்து வீசி வீசிக் காட்டுனாளாம். காரு ஓடையில நின்ன பொறவும் அந்தக் கை நிக்கல்லயாம். 'எனக்கத் தங்கச்சி கண்ணு மறையது வரைக்கும் கையாட்டுனா'ன்னு சொல்லிச் சொல்லி அழுவா."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் லில்லியின் மடியில் முகத்தை வைத்து அழுதேன். சாயம் என்று நான் நினைத்த அந்த மஞ்சள் அக்காதான். கோபத்தினால் அல்ல, என்னிடம் விடைபெற்றாகிவிட்டது என்றுதான் அவள் ஒன்றும் எழுதவில்லை.

லில்லி திரும்பிப் போன அன்றும் ஐப்பசி மழைதான். பஸ் புறப்பட்டதும் நான் குடையைக் கீழே போட்டுவிட்டு, இடமும் வலமுமாக, அன்று ஆட்டிய மாதிரியே கையை ஆட்டினேன். பின் ஜன்னலில் அவள் கை ஆடுவது நன்றாகத் தெரிந்தது. பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் நனைந்துகொண்டு நின்ற எங்கள் வீட்டுக்காரர், "எண்ண வச்சியா ட்டி?" என்று மெல்லக் கேட்டார். அன்றுதான் அந்தக் கேள்விக்கு நானும் சிரித்தேன்.